இடம் நிரந்தரம், ஆசிரியை மட்டும் தற்காலிகமா?

காலை எட்டரைக்கெல்லாம் அவர் பள்ளிக்கு வந்துவிடுகிறார். காலை உணவுக்கு உட்கார்ந்த பிள்ளைகளைக் கவனித்து, வணக்கக் கூட்டத்துக்கு வரிசையில் நிறுத்தி, வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் முதல் பாடவேளை தொடங்கிவிடுகிறது. ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் ‘அ’ எழுதப் பழகும் குழந்தை, மறுபக்கம் கடன் வாங்கிக் கழிக்கத் திணறும் குழந்தை. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் நாளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் அவர் தலையில்தான் விழுகின்றன. மதியம் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார். மாலையில் கணக்கு நோட்டுகளைத் திருத்துகிறார். மீதி இருப்பதைப் பையில் அள்ளிக்கொண்டு பேருந்து பிடிக்க ஓடுகிறார். பிள்ளைகளுக்கு அவர் ‘மிஸ்’. அலுவலகத்துக்கு அவர் ‘எஸ்.எம்.சி. டீச்சர்’, அதாவது பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் அமர்த்தப்பட்ட தற்காலிக ஆசிரியை.

தமிழ்நாட்டின் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியையின் நாள் இப்படித்தான் கழிகிறது. ஒருவர் விடுப்பில் போனால் அந்த இடைவெளியை நிரப்ப மாற்றாள் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. அரசு ஆசிரியைகளுக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு கிடைக்கும் மாநிலம் இது. அந்த ஓராண்டும் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் இருக்க முடியாது. நாம் கண்டிப்பது, யாரும் விடுப்பில் போகாத, வெறுமனே நிரப்பப்படாமல் கிடக்கிற இடங்களில் ஆண்டுக்கணக்கில் மாற்றாள் வைத்துக் காலம் தள்ளுவதை.

காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப 2022 ஜூனில் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட உத்தரவைப் பாருங்கள். 13,331 காலியிடங்கள். இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுநிலை ஆசிரியர் 3,188. இத்தனையும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள். அவற்றுக்குத் துறை வைத்த விலை மாதம் 7,500, 10,000, 12,000 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அதன்பிறகுதான் தகுதித் தேர்வில் வென்றவர்களுக்கு முன்னுரிமை என்ற தெளிவு வந்தது. தொகையும் 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். இடைநிலை ஆசிரியருக்கு 20,600. (அதுவே குறைவு என்று இடைநிலை ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தெருவில் இறங்கிப் போராடுகிறார்கள்.) அகவிலைப்படியைச் சேர்க்காமலே இவ்வளவு இடைவெளி. அதே வகுப்பு, அதே பாடநூல், அதே தேர்வு. பாதிச் சம்பளத்துக்குப் பாதிப் பாடம் நடத்தினால் போதும் என்று எந்த ஆய்வு அலுவலராவது தற்காலிக ஆசிரியையிடம் சொன்னதுண்டா?

இந்த ஏற்பாட்டில் நம்மை அதிகம் கோபப்படுத்துவது வேறொன்று. தெரிவு செய்வது பள்ளி மேலாண்மைக் குழுவாம், அரசு இல்லையாம். கூலி வேலைக்குப் போய்வரும் பெற்றோர் உட்கார்ந்திருக்கும் குழுவின் பெயரில் ஆளெடுத்துவிட்டு, நாளை உரிமை கேட்டு வந்தால் “உங்களை நாங்கள் நியமிக்கவில்லை” என்று அரசு கை விரிக்கலாம். ஒரு காலத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் நடந்தது, இன்று வேறு பெயரில் நடக்கிறது. நிதி வந்தால் சம்பளம், வராவிட்டால் காத்திருப்பு. கல்வியாண்டு முடிந்தாலோ, நிரந்தர ஆசிரியர் மாறுதலில் வந்தாலோ, அன்றோடு வேலை போயிற்று. கோடையில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று கேட்க ஆளில்லை.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அரசுப் பள்ளியில் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஓரிடம் காலியானாலே அது ஐம்பது விழுக்காடு. ஊதியத்திலும் தீர்ப்பு தெளிவாகவே இருக்கிறது. பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் 2016 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பணிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது தர வேண்டும் என்றது. அதற்குக் குறைத்துக் கொடுப்பது மனித மாண்பைச் சிதைப்பது என்றும் கண்டித்தது. ஆறு ஆண்டு கழித்து 7,500 ரூபாய்க்கு உத்தரவு போட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரியாதென்று நாம் நம்பவில்லை.

இதில் எந்தக் கட்சியும் தப்ப முடியாது. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று அமர்த்தியது அதிமுக ஆட்சி. உடற்கல்வியும் ஓவியமும் தையலும் கற்பித்த அவர்களுக்கு மே மாதச் சம்பளம் தரப்படவில்லை. அவர்களை நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதி வாக்குக் கேட்டது திமுக. அந்த ஆட்சியிலும் அவர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் வெயிலில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. இளமையோடு உள்ளே வந்தவர்கள் நரைத்த தலையோடு அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

அரசு உடனே திருத்திக்கொள்ள வேண்டும். விடுப்பு இடத்துக்கு மட்டுமே மாற்றாசிரியர். காலியிடத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக முறையான நியமனம், அதுவும் ஓய்வுபெறுவோரின் பட்டியலை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு. எந்த ஆசிரியர் எந்த மாதம் ஓய்வுபெறுவார் என்பது துறைக்குத் தெரியாத ரகசியமில்லை. அதுவரை வகுப்பில் நிற்கிறவருக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன குறைந்தபட்ச ஊதியம், மாதக் கடைசி நாளில், அவருடைய வங்கிக் கணக்கில். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் முதல் நாள் காலை, வணக்கக் கூட்டத்துக்கு முன்பே அவர் கையில் எழுத்துப்பூர்வமான பணி ஆணை இருக்க வேண்டும். அதில் கையெழுத்திடுவது மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாயார் அல்ல, அரசின் அதிகாரியாக இருக்க வேண்டும்.