கார் ஓடும், கம்ப்யூட்டர் ஓடாது!
பழைய வண்டிகளுக்கு வந்திருக்கும் புதுச் சங்கடம்

மோட்டார் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்டீயரிங்குக்கு எதிரே, மீட்டர் பலகையில் எரிகிறது. என்ஜினில் ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தம்.

என்ன கோளாறு? விளக்கு சொல்லாது. பானெட்டைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. கம்ப்யூட்டரை மாட்டித்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது மக்கர் செய்கிறது!

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிறது திருக்கனூர். விழுப்புரம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய ஊர். கரும்பும் நெல்லும் விளையும் பூமி. காகிதக் கூழ் பொம்மைக்குப் பேர் போனது. ரோட்டில் "பி.ஒய்." நம்பர் வண்டியும் "டி.என்." நம்பர் வண்டியும் கலந்தே ஓடும். இந்த மாதிரி ஊர்களில் ஒரு பழைய கார் என்பது குடும்பத்தில் ஓர் ஆள் மாதிரி. கல்யாணத்துக்கும் அதுதான், நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கும் அதுதான். அது படுத்துவிட்டால், உள்ளூர் மெக்கானிக் ஷெட்டைத்தான் தேடிப் போவார்கள். கம்பெனி சர்வீஸ் வேண்டுமானால் புதுச்சேரி டவுனுக்கோ விழுப்புரத்துக்கோ வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும். அந்தச் செலவே தனி.

காருக்குள் ஒரு மூளை

அம்பாஸடர் காலத்தில் கார்புரேட்டர், பிளக், பாயிண்ட் என்று சில சாமான்கள்தான். கெட்டிக்கார மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்.

பிறகு பெட்ரோலை அளந்து விடும் வேலையை ஓர் எலெக்ட்ரானிக் பெட்டி எடுத்துக்கொண்டது. "ஈ.சி.எம்." என்று மெக்கானிக்குகள் சொல்லும் பெட்டி அதுதான். காரின் மூளை என்று வைத்துக்கொள்ளலாம். என்ஜினில் எங்கே கோளாறு வந்தாலும் அது ஒரு நம்பராகக் குறித்துக்கொள்ளும். உதாரணமாக "பி0301" என்றால், முதல் சிலிண்டரில் சரியாகத் தீப் பற்றவில்லை என்று பொருள்.

இந்த நம்பரைப் படிக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு இந்த முறை கட்டாயம். இந்தியாவில் 2010-க்குப் பிறகு படிப்படியாக வந்தது. பொதுவான நம்பர்களைச் சாதாரண ஸ்கேனரே படித்துவிடும். ஆனால் ஏர்பேக், பிரேக் கம்ப்யூட்டர், புதுச் சாவியைப் பதிவது, டீசல் காரில் புது இன்ஜெக்டரைப் பதிவது—இதற்கெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சாப்ட்வேர், அல்லது அதற்கு ஈடான ஒன்று வேண்டும். சிக்கல் அங்கேதான்.

ஏன் ஓடவில்லை?

இந்தச் சாப்ட்வேர்களில் பல, "விண்டோஸ் எக்ஸ்.பி." இருந்த காலத்தில் எழுதியவை. எக்ஸ்.பி. வந்தது 2001-ல். அதற்கு இனி பாதுகாப்பு உதவி இல்லை என்று மைக்ரோசாப்ட் கம்பெனி 2014 ஏப்ரல் 8-ல் கைகழுவிவிட்டது. பின்னால் வந்த விண்டோஸ் 10-க்கும் பொதுவான உதவி 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. இது 64 பிட் ரகம்.

பிட் என்றால் என்ன? கம்ப்யூட்டர் ஒரே வாயில் எவ்வளவு விழுங்கும் என்ற கணக்கு. 64 பிட் விண்டோஸ், 32 பிட் சாப்ட்வேரை ஏற்றுக்கொள்ளும். 16 பிட்டை அடியோடு ஏற்காது. பழைய சி.டி.க்கள் சிலவற்றில் சாப்ட்வேர் 32 பிட்டாக இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் புரோகிராம் மட்டும் 16 பிட்டாக இருக்கும். வீடு நல்ல வீடு, வாசற்கதவு திறக்கவில்லை என்ற கதை!

சரி, சாப்ட்வேர் ஏறிவிட்டது. அப்புறம்? காரோடு பேசும் ஒயருக்கு "டிரைவர்" என்ற துணைப் புரோகிராம் வேண்டும். பழைய 32 பிட் டிரைவரைப் புது விண்டோஸ் சேர்க்காது. ஒயரைச் செருக அந்தக் காலத்து 9 முனை சாக்கெட்டும் புது லேப்டாப்பில் கிடையாது. யு.எஸ்.பி. மாற்றி ஒன்றை வாங்கி மாட்டினால், சில சமயம் பேச்சு ஒரு நொடியில் சிறு பங்கு தாமதமாகப் போகிறது. கார் அதற்குள் "பதில் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வழி இருக்கிறதா?

இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் பழைய விண்டோஸை ஓட விடலாம். "வர்ச்சுவல் மெஷின்" என்பது இதுதான். கோளாறு நம்பரைப் படிக்க இது பெரும்பாலும் போதும்.

ஆனால் ஈ.சி.எம்.மில் புதிதாக எழுதும் வேலை வேறு. எழுதும்போது பாதியில் தொடர்பு அறுந்தால், அந்தப் பெட்டியே செத்துப்போகலாம். பல ஆயிரம் ரூபாய் நஷ்டம். அந்த வேலைக்குப் பழைய லேப்டாப்பே மேல். அதன் பாட்டரி பெரும்பாலும் போயிருக்கும், ஆகவே யு.பி.எஸ். அவசியம். கார் பாட்டரிக்கும் சார்ஜர் போட்டிருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் சாகும் முன்பே முழுப் பிரதி ஒன்று எடுத்து வைக்க வேண்டும். இன்டர்நெட்டில் மட்டும் அந்த லேப்டாப்பைச் சேர்க்கவே கூடாது. பாதுகாப்பு இல்லாத எக்ஸ்.பி.யில் வைரஸ் சுலபமாகப் புகும். திருட்டுச் சி.டி.யும் அப்படித்தான்.

பழைய லேப்டாப்பா என்று இளக்காரம் வேண்டாம். இங்கிலாந்தில் மெக்லாரன் எஃப்1 என்று ஒரு கார் உண்டு. 1990-களில் மொத்தம் 106 மட்டுமே செய்தார்கள். 2021-ல் அதில் ஒன்று ஏலத்தில் 2 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அந்தக் காரைப் பழுது பார்க்க, 1990-களின் காம்பாக் லேப்டாப்களைக் கம்பெனியே பத்திரமாக வைத்திருந்த செய்தி 2016-ல் வெளிவந்தது. வேறு லேப்டாப்பில் அந்தச் சாப்ட்வேர் ஓடாதாம்!

சாவி யாரிடம்?

மெக்லாரனுக்குக் கம்பெனி இருக்கிறது, பணம் இருக்கிறது. ஷெட் மெக்கானிக்குக்கு?

இந்த வழக்கு டெல்லி வரை போனதுண்டு. ஸ்பேர் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தடுத்ததாக, 14 கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி கமிஷன் 2014 ஆகஸ்டு 25-ல் தீர்ப்புச் சொன்னது. அபராதம் சுமார் 2,544 கோடி ரூபாய்! கருவிகளும் பாகங்களும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2016-ல் அப்பீல் டிரிபியூனல், அதன் முன் வந்த மூன்று கம்பெனிகள் விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதத்தை மட்டும் குறைத்தது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் விற்பனைக்கு வந்த சாப்ட்வேர் எத்தனை வருஷம் ஓட வேண்டும்? விண்டோஸ் மாறினால் யார் மாற்றிக் கொடுப்பது? கம்பெனியே ஊரை விட்டுப் போனால்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. கிராமத்து வாடகைக்குப் பேர் போன டவேரா அதன் வண்டிதான். போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் தொழிற்சாலை மறு வருஷம் மூடப்பட்டது. சர்வீஸ் உண்டு என்று இரண்டுமே சொல்லித்தான் போயின. ஆனாலும் புது வண்டி விற்காத கம்பெனி, பழைய வண்டிக்காகச் சாப்ட்வேரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் என்று நம்பி உட்கார முடியுமா? 15 வருஷம் ஆன காரைக் கட்டணம் கட்டி, பரீட்சித்து, மேலும் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. கார் அவ்வளவு நாள் வாழும். லேப்டாப் வாழ்வதில்லை.

மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வாகனங்கள்—நான்கும் அதன் பட்டியலில் இருந்தன. அதே வருஷம் டிசம்பரில், எந்தச் சாமானை எங்கே பழுது பார்ப்பது என்று காட்ட ஓர் இணையதளமும் திறந்தார்கள். 2025 மே மாதம் இன்னொரு கமிட்டி, பழுது பார்க்க எது சுலபம் என்று பொருள்களுக்கு மார்க் போடும் திட்டத்தைக் கொடுத்தது. முதலில் மார்க் வாங்கப் போவது செல்போனும் டேப்லெட்டும். மோட்டார் காரும் டிராக்டரும் அந்த வரிசையில் சேரவில்லை.