கொச்சிக்கடைப் பக்கம் திரும்பாத பஸ்

மார்கழி பிறந்தால் சித்திரை வரும்வரை மேற்குக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும். உல்லாசக் கப்பல்கள் கொழும்புக்கு வருவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். விடியும்போது கப்பல் கட்டியிருக்கும், பொழுதுபடும்போது போய்விடும். இடையில் இருப்பது எட்டு, மிஞ்சினால் பத்து மணித்தியாலம். காலைச் சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துக்கொண்ட பயணிகளை ஏற்றியபடி குளிரூட்டிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுக வாசலைத் தாண்டி வருகின்றன. அங்கிருந்து வடக்கே போனால் செட்டியார் தெரு, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை. பஸ்கள் தெற்கே திரும்புகின்றன. காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவி பூங்கா, கங்காராமய விகாரை, ஓர் இரத்தினக்கல் கடை. மத்தியானத்துக்குப் பிறகு அதே வழியால் திரும்பிக் கப்பலேறிவிடுகிறார்கள்.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தவன். துறைமுகத்தின் மடியில் இருக்கும் ஊர் ஒன்று, கப்பல்கள் கடந்து போவதைப் பார்த்திருக்கும் ஊர் ஒன்று. இரண்டிலும் வாழ்ந்தவனுக்கு அந்த பஸ்கள் தெற்கே திரும்புவது ஒவ்வொரு முறையும் மனதைத் தைக்கிறது. துறைமுகத்தைக் கட்டி, அதில் உழைத்து, அதனாலேயே உருவான ஒரு நகரம் மதிலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கப்பலில் வந்தவருக்கு அது இருப்பதே தெரியாமல் போகிறது.

இந்த எட்டு மணித்தியாலக் கணக்கு இன்றைய கப்பல் கம்பனிகள் கண்டுபிடித்ததல்ல. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது இலங்கையின் பெரிய நீராவிக்கப்பல் துறை காலி. கொழும்பில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டியிருந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்; பத்து ஆண்டுகளில் தென்மேற்குச் சுவர் எழுந்து நின்றது. காலியின் காலம் முடிந்தது. ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கீழைத்தேசத்துக்கும் இடையே ஓடிய கப்பல்கள் எல்லாம் நிலக்கரி நிரப்பக் கொழும்பில் நின்றன. கரி ஏற்றி முடியும்வரை பயணிகளுக்குக் கப்பலில் வேலையில்லை. தூசுக்குள் இருக்கவும் முடியாது. கரையிறங்கினார்கள். கொழும்பின் பகற்பொழுதுச் சுற்றுலா அந்தக் கரி ஏற்றும் நேரத்தில் பிறந்ததுதான். அந்தக் கரியைக் கூடை கூடையாகச் சுமந்தவர்களும் படகுகளில் சரக்கு இறக்கியவர்களும் தமிழகத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். கொச்சிக்கடை என்ற பெயரிலேயே கொச்சி இருக்கிறது. 1927இல் துறைமுகத் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து நின்ற தெருக்கள் இவை.

அன்று இறங்கியவருக்கு நகரம் கண்ணெதிரே இருந்தது. பயணிகள் இறங்குதுறையிலிருந்து யோர்க் வீதிக்குள் கால் வைத்தால் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல். 1890 நவம்பரில் சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் அன்ரன் செக்கோவ் தங்கியது அங்கேதான். உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் கோட்டைப் பகுதியும் துறைமுகமும் காவலரண்களுக்குள் போயின. போர் முடிந்த பின்னும் துறைமுகம் அடையாள அட்டை கேட்கும் இடமாகவே இருக்கிறது. பாதுகாப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் நகரத்துக்குள் நடந்து வந்த பயணியை பஸ்ஸுக்குள் வைத்து அனுப்பும் பயணியாக மாற்றியதில் அந்த மதிலுக்குப் பெரும் பங்குண்டு.

சுற்றுலாக் கையேடுகள் பெருமையோடு சொல்லும் இன்னொரு பெயர் பாப்லோ நெரூடா. 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு வீட்டில் இருந்தவர். அந்த நாட்களில் தன் வீட்டுக் கழிவுவாளியை அகற்ற விடியலில் வந்த ஒரு தமிழ்த் தொழிலாளிப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதை, அவர் இறந்த பிறகு வெளியான நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். அவள் பெயரை எழுதவில்லை. வெள்ளவத்தைக்கு ஒரு மகாகவி வந்தார் என்று பலகை வைக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தையும் வாசித்துவிட்டு வைக்கவேண்டும். வந்தவரின் கண்ணால் மட்டும் ஒரு நகரத்தின் கதையைச் சொன்னால் யார் விடுபட்டுப் போவார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கசப்பான சாட்சியம் அது.

கப்பலால் இறங்கி இந்த ஊரோடு ஒட்டிப்போனவரும் உண்டு. 1897 ஜனவரி 15ஆம் திகதி மேலைநாட்டுப் பயணம் முடிந்து சுவாமி விவேகானந்தர் கால் வைத்த முதல் கீழைத்தேசக் கரை கொழும்பு. மறுநாள் புளோரல் மண்டபத்தில் பேசினார். சில நாட்களில் கண்டிக்கும், பிறகு யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டார். ஐந்தே ஆண்டுகளில் கொழும்பில் விவேகானந்த சபை எழுந்தது. இன்றைக்கும் கொட்டாஞ்சேனையில் ஓட்டோக்காரரிடம் ‘விவேகானந்தா மேடு’ என்றால் மறுகேள்வி கிடையாது. சில நாள் நின்ற ஒரு பயணியின் பெயர் ஒரு மேட்டுக்கு நிலைத்துவிட்டது.

கப்பல் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை துறைமுக வாசலில் நின்றேன். பஸ்ஸில் போகாத பயணிகளுக்காக ஓட்டோக்கள் காத்திருந்தன. ஜம்பட்டா வீதிக்காரர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன்.

“கொட்டாஞ்சேனைப் பக்கம் யாரையாவது கூட்டிட்டுப் போறீங்களா?”

“அவங்க கையில ஒரு மெப் இருக்கு சேர். அதுல நம்ம ஏரியா இல்ல. நான் சொன்னாலும் பயப்படுறாங்க. ஏமாத்தி எங்கயோ கொண்டு போறேன்னு நினைக்கிறாங்க.”

அவரது ஓட்டோவிலேயே ஏறி, அந்த மெப்பில் இல்லாத இடத்துக்குப் போனேன். சில நிமிடப் பயணம்தான். செவ்வாய் என்பதால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நிரம்பி வழிந்தது. மெழுகுதிரி வாங்கும் கைகளில் வளையலும் இருந்தது, திருநீறு பூசிய நெற்றிகளும் இருந்தன, தலையை முக்காடிட்ட ஒரு தாயும் நின்றார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வேட்டையாடிய காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனி என்ற குரு வியாபாரி வேடத்தில் ஒளிந்திருந்து, கடலரிப்பால் தவித்த மீனவர்களுக்காகக் கரையில் சிலுவை நட்டு மன்றாடினார், கடல் பின்வாங்கியது என்பது இந்தக் கோயிலின் கதை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த கோயில்களில் ஒன்று இது. அன்று மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலுமாக 250 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் கோயிலைத் திருத்தித் திறந்துவிட்டார்கள். சொரூபத்தின் முன் நின்ற ஒரு வயதான அம்மா, மெழுகுதிரியைக் கொளுத்தாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். மெழுகு அவரது கைச்சூட்டில் வளைந்துபோயிருந்தது.

அங்கிருந்து சிறிது நடந்தால் பொன்னம்பலவாணேசர் கோயில். 1856இல் பொன்னம்பல முதலியார் அமைத்ததை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கருங்கல்லால் எடுத்துக் கட்டினார். வெளியே வெயில் கொதிக்கும்போது உள்ளே கல் குளிர்ந்து கிடக்கும். தூணில் கை வைத்தால் நூறு வருட எண்ணெய் விரலில் பிசுபிசுக்கும். செட்டியார் தெருவில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவது அங்கிருந்துதான். மேட்டில் லூசியா பேராலயத்தின் பெருங்குவிமாடம். இன்னொரு மேட்டில் 1757இல் ஒல்லாந்தர் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயம். புறக்கோட்டைப் பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். எல்லாம் நடக்கிற தூரம். துறைமுக நகரம் என்ற சொல்லுக்கு உலகில் எங்கேனும் விளக்கம் தேடுபவருக்கு இந்த நடை போதும்.

பிறகு ஏன் பஸ் இங்கே வருவதில்லை? விளக்கம் எளிது. கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே விற்றுவிடுகிறார்கள். அதை நடத்த உள்ளூர் முகவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வேண்டியது பஸ் நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை, நேரம் தவறாமை, கொமிஷன் தரும் கடை. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் பெரிய பஸ் திரும்பாது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆகவே ஆபத்தில்லாத பாதையையே திரும்பத் திரும்ப ஓடுகிறார்கள். தங்குவதும் மூன்று வேளைச் சாப்பாடும் கப்பலில். கரையில் விழும் காசு ஏற்கனவே சொற்பம். அதுவும் இரண்டு மூன்று கைகளுக்குள் முடிந்துவிடுகிறது. 2018இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாடு இது. 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற பிறகு ஒவ்வொரு டொலரையும் எண்ணுகிறோம். எண்ணுகிறவர்கள் அந்த டொலர் எந்தத் தெருவில் இறங்குகிறது என்றும் பார்க்கவேண்டாமா?

வெனிஸின் துன்பம் வேறு. அங்கே கப்பல்கள் ஊரை மூழ்கடித்தன. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களை ஊருக்கு நடுவேயுள்ள கால்வாய்க்குள் விடுவதில்லை. துப்ரோவ்னிக்கில் ஒரு நாளைக்கு இரண்டு கப்பல் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். கொழும்பு அந்த நிலையில் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கொழும்பு வடக்கில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு அனுப்பி நிலத்தை எடுத்த வரலாறு அண்மையது. சுற்றுலாப் பாதை என்று கோடு போட்டால், அழகுபடுத்தல் என்ற பெயரில் பைக்கோ இயந்திரம் பின்னால் வரக்கூடும். சனங்களின் வாசற்படியைப் படமெடுக்கும் கூட்டத்தை நான் கேட்கவில்லை.

கேட்பது சிறியது. துறைமுக வாசலிலிருந்து கொச்சிக்கடை வரை நிழலுள்ள ஒரு நடைபாதை. இரண்டு கழிப்பறை. மூன்று மொழியிலும் பிழையில்லாத பலகை. இந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சியும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரமும். இருபது பேருக்கு மேற்படாத சிறு குழுக்கள். ஒரு பிளேன்டீயும் வடையும் ஒரு முழம் பூவும் வாங்கினால்கூட அந்தக் காசு இங்கேயே தங்கும். காலிமுகத்திடலை ஒட்டிக் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் புதிய துறைமுக நகரம் எழுப்பத் தெரிந்த நாட்டுக்கு, பழைய துறைமுக நகரத்துக்குள் ஒரு நடைபாதை போடுவது பெரிய காரியமில்லை.

தமிழ்ப் பயணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுத்தான் வ. உ. சி. வெள்ளைக்காரக் கம்பனியோடு மோதினார். 2011 ஜூனில் அதே தடத்தில் தொடங்கிய பயணிகள் கப்பல் அந்த வருடம் நவம்பரிலேயே நின்றுபோனது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலோ அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. காங்கேசன்துறையில் முதன்முதலாக ஓர் உல்லாசக் கப்பல் என்று படம் போட்டார்கள். பயணிகள் கீரிமலையும் நல்லூரும் பார்த்தார்கள். துறைமுகத்தைச் சுற்றி 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் பலருக்கு அன்றும் காணி திரும்பியிருக்கவில்லை.

காங்கேசன்துறை என்றதும் வெள்ளவத்தையில் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வரும் கப்பல் வேறு. 1958 கலவரத்தில் கொழும்பில் அடிபட்ட தமிழர்களைக் கப்பலேற்றி அங்கே அனுப்பினார்கள். 1983 ஆடியில் காலி வீதிக் கடைகள் எரிந்த பிறகு மறுபடியும். எங்கள் மாடிக்குடியிருப்பில் நாலாம் மாடியில் இருக்கும் அன்ரி அப்படிப் போனவர். ‘லங்கா கல்யாணி’ சரக்குக் கப்பல். உடுத்த துணி, ஒரு தகர டின்னில் தண்ணீர், கைக்குழந்தை. சில வருடங்களில் திரும்பி வந்து அதே வெள்ளவத்தையில் குடியேறினார்.

கொழும்பிலிருந்து வடக்கே போகிற பெரிய கப்பல் நேரே வடக்கே போக முடியாது. மன்னாருக்கு அப்பால் இராமர் அணையில் கடல் ஆழமில்லை. தெற்கே வந்து, தீவைச் சுற்றி, திருகோணமலையைத் தாண்டித்தான் காங்கேசன்துறைக்குப் போகவேண்டும். போன மாசியில் ஒரு மாலை, மரைன் டிரைவைப் பார்த்த அவர் வீட்டு பல்கனியில் இருந்தோம். துறைமுகத்திலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று மாடிமாடியாக விளக்கேற்றித் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

“நாங்களும் இந்தப் பாதையாலதான் போனது, தம்பி,” என்றார் அன்ரி. “வெள்ளவத்தைக்கு நேர வரேக்க எல்லாரும் ஒரு பக்கமா வந்து நிண்டு பார்த்தம். எங்கட ஒழுங்கை எதுவெண்டு தேடினன். கரை முழுக்க இருட்டு. ஒரு லைட் இல்லை.”

கப்பல் தெகிவளைப் பக்கம் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் பல்கனி லைட்டைப் போட்டார்.