சிரட்டைக் கரிக்குச் சிக்காத விஷம்

பாறசாலையிலும் காட்டாக்கடையிலும் அதற்குப் பெயர் சிரட்டை. எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு வந்தாலும் சிரட்டைதான். சென்னைக்குப் போனால் கொட்டாங்குச்சி. அகப்பையாகவும் இஸ்திரிப் பெட்டிக்குக் கரியாகவும் உழைத்த இந்த ஓட்டுக்கு இன்று வெளிநாடுகளில் ஏக கிராக்கி. காங்கேயம் வட்டாரத்திலும் இலங்கையிலும் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் சூடேற்றி, நீராவி செலுத்தி ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் கொண்ட கரி இது. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நெய்யாற்றின்கரைக்காரர்கள் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 25 சென்ட் நிலம்.

இந்தப் பரப்பில்தான் அழுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்குள் இருந்தது சிரட்டைக் கரி. குடிநீர் வடிகட்டியில் இருப்பதும், சுரங்கக் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடித்துத் தருவதும் அதுதான்.

மதுவுக்கும் கரிக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. கரி நிறத்தையும் வாடையையும் நீக்கும் என்பதை 1785-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். வோட்காவைக் கரியில் வடிப்பது அதன்பிறகு வழக்கமானது. இன்றும் நடக்கிறது.

ஊறல் புளித்து ஆவியாகி இறங்கும்போது, எத்தில் ஆல்கஹாலோடு ஃப்யூசல் ஆயில் என்ற கூட்டமும் சேர்ந்து வருகிறது. தொண்டையைக் கமறவைக்கும் வாடைக்கு அதுவும் ஒரு காரணம். இதன் மூலக்கூறுகள் பெரியவை. தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாதவை. அதனால் கரி அவற்றைச் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. வெளியே வருவது பளிங்கு போன்ற திரவம். வாடை குறைந்துவிட்டது, நிறம் போய்விட்டது. பார்ப்பவருக்கு நம்பிக்கை வருகிறது.

ஆபத்து அந்த நம்பிக்கையில்தான். மெத்தில் ஆல்கஹால், அதாவது மெத்தனால், மிகச் சிறிய மூலக்கூறு. தண்ணீரோடும் எத்தில் ஆல்கஹாலோடும் இரண்டறக் கலந்து நிற்கும். கரி அதைக் கிட்டத்தட்ட கண்டுகொள்வதே இல்லை. விஷம் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் கரி கொடுப்பதைப் பார்த்தவர்கள், ‘கரி எந்த விஷத்தையும் எடுத்துவிடும்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் மெத்தனால் குடித்தவருக்கு அந்தக் கரியால் பலனில்லை என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். வயிற்றிலேயே பிடிபடாதது, வடிகட்டியில் மட்டும் பிடிபடுமா?

மெத்தனாலுக்குத் தனி வாடையோ நிறமோ கிடையாது. பார்வைக்கும் மூக்குக்கும் அதுவும் ஒரு சாராயம்தான். தொழிற்சாலைகளுக்காகத் தயாராகும் மலிவுச் சரக்கு என்பதால், கள்ளச் சாராயத்தில் அது நுழைந்துவிடுகிறது. அமரவிளை எக்சைஸ் சோதனைச் சாவடியில் எவ்வளவு அனுபவசாலி நின்றாலும், இரண்டையும் முகர்ந்து பார்த்துப் பிரிக்க முடியாது. அது ஆய்வுக்கூடத்தின் வேலை.

கேரளம் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1982 ஓணத்தின்போது வைப்பினில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குப் பார்வை போனது. 1996 ஏப்ரல் 1 முதல் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தது. தடை கடையை மூடியது; தேவையை மூடவில்லை. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் மெத்தனால் கலந்த சாராயம் 30-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தமிழ்நாட்டுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023-ல் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல்.

1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. பக்கத்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. நடுவே ஒரு கோடு. இரண்டு பக்கமும் இரண்டு மதுச் சட்டங்கள், இரண்டு விலைகள். கடத்தல்காரனுக்கு வேறென்ன வேண்டும்? குடிப்பவரோ இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான்: அன்றாடக் கூலியில் பாட்டில் விலை கட்டுப்படியாகாத தொழிலாளி.

அவரும் அவர் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மெத்தனால் உடனே கொல்வதில்லை. முதலில் சாதாரண போதை போலத்தான் இருக்கும். உடலுக்குள் அது மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்க, பல சமயம் 12 மணி நேரத்துக்கு மேலாகிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல், கண்ணில் பனிமூட்டம் போன்ற மங்கல் எல்லாம் அதன் அறிகுறிகள். ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று படுக்கவைப்பதுதான் பெரிய தவறு. இதற்கு மாற்றுமருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் உயிரும் கண்ணும் பிழைக்க வழியுண்டு. போலீசுக்குப் பயந்து ஒளித்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வழியைக் குறுக்குகிறது.

சிரட்டைக் கரி நல்ல வேலைக்காரன். வாடையை எடு என்றால் எடுக்கும். உயிருக்கு உத்தரவாதம் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.