ஹாம் ரேடியோ: பவரைக் கூட்டணுமா? முதல்ல குறைங்க!

திருவிழாவில் மைக் செட் கட்டுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்... போனிலும் ஃபுல் வால்யூம், ஆம்ப்ளிஃபையரிலும் ஃபுல் வால்யூம் என்று வைத்தால் பாட்டு கரகரக்கும், ஸ்பீக்கரும் போய்விடும். ஹாம் ரேடியோவிலும் இதே கதைதான். ஆனால், அங்கே கெடுவது நம் ஸ்பீக்கர் மட்டுமில்லை, அடுத்தவர் பேச்சும்!

ஹாம் ரேடியோ என்பது, லைசென்ஸ் வாங்கிய தனிநபர்கள் பொழுதுபோக்காகவும் சேவையாகவும் நடத்தும் வானொலித் தொடர்பு. இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் மத்திய அரசின் தேர்வை எழுதி லைசென்ஸ் பெறலாம்.

இவர்கள் பயன்படுத்தும் ஷார்ட் வேவ் ரேடியோ செட்டுகள் பெரும்பாலும் 100 வாட் பவரில் சிக்னல் அனுப்பும். அது போதாதவர்கள் ஆம்ப்ளிஃபையரை இணைக்கிறார்கள். அமெரிக்காவில் 1,500 வாட் வரை அனுமதி உண்டு. நம் நாட்டில் அனுமதி இதைவிட மிகக் குறைவு.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றுக்கு 50 முதல் 100 வாட் வரை உள்ளே கொடுக்க வேண்டும். இப்போது வரும் 'எல்டிமாஸ்' வகை டிரான்சிஸ்டர்களுக்கோ 5 வாட் கொடுத்தாலே 1,000 வாட்டாகப் பெருக்கித் தந்துவிடும். அந்த டிரான்சிஸ்டரில் 100 வாட்டை அப்படியே செலுத்தினால்? கண் இமைக்கும் நேரத்தில் காலி.

'செட்டில் பவரை 5 வாட்டுக்குக் குறைத்துவிட்டால் போச்சு' என்று தோன்றும். பாதிதான் சரி. சில ரேடியோக்களில், பேச ஆரம்பித்த முதல் சில மில்லி செகண்டுகளுக்குப் பவர் கன்ட்ரோல் வேலை செய்யாது. நீங்கள் 5 வாட் வைத்திருந்தாலும், முதல் எழுத்தை உச்சரிக்கும்போது அதைவிடப் பல மடங்கு பவர் பாய்ந்துவிடும். சாதாரண மீட்டரில் அது தெரியக்கூடத் தெரியாது.

அதனால்தான் ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே 'அட்டெனுவேட்டர்' வைக்கிறார்கள். ரெசிஸ்டர்களால் ஆன எளிய அமைப்பு இது. 13 டெசிபல் அட்டெனுவேட்டர் என்றால், வரும் பவரில் இருபதில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். 100 வாட் வந்தால் 5 வாட்தான் போகும். மிச்ச 95 வாட்? அத்தனையும் சூடாக மாறும். பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்! எனவே, அதைத் தாங்கும் ரெசிஸ்டரும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் அவசியம்.

ஆம்ப்ளிஃபையர் இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* எத்தனை வாட் உள்ளே கொடுக்கலாம் என்று மேனுவலில் முதலில் பாருங்கள்.
* ஆன்டெனாவுக்குப் பதில், அந்தப் பவரைத் தாங்கும் 'டம்மி லோடு' இணைத்துச் சோதியுங்கள்.
* குறைந்த பவரில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உள்ளே கூட்டியும் வெளியே அதே விகிதத்தில் கூடவில்லை என்றால், அதுதான் எல்லை. அதற்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிடுங்கள்.

'இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன?' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு கணக்குச் சொல்கிறேன். எதிர்முனையில் இருப்பவரின் சிக்னல் மீட்டர் ஒரு புள்ளி ஏற, நீங்கள் பவரை நான்கு மடங்கு கூட்ட வேண்டும். 1,000 வாட்டை 1,200 ஆக்கினால் அவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால், எல்லை மீறிய ஆம்ப்ளிஃபையர் சிக்னலைச் சிதைத்து, பக்கத்து அலைவரிசைகளிலும் கரகரப்பைக் கொட்டும். லாபம் யாருக்கும் இல்லை, தொல்லை மட்டும் பலருக்கு.

2004 சுனாமியின்போது, டெல்லியைச் சேர்ந்த ஹாம் பாரதி பிரசாத் தன் குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்தார். தீவுகளில் தொலைத்தொடர்பு முடங்கிய அந்த நாள்களில் இவர்களின் ரேடியோதான் பலருடைய செய்திகளை வெளியே கொண்டு சேர்த்தது. அப்படியொரு நேரத்தில், பேட்டரியில் ஓடும் சின்ன செட்டிலிருந்து ஒரு மெல்லிய குரல் உதவி கேட்கலாம். நம் கரகரப்பில் அது காணாமல் போய்விடக் கூடாது, இல்லையா?