கொடுக்காத பயிற்சி எப்படித் தோற்றது?

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுப்பது வெட்டிச் செலவு என்று அண்மையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கல்வித் துறையில் உயர்பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் வேண்டாம், வாதம் போதும். நல்ல ஆசிரியர் இருந்தால் பிள்ளை படித்துவிடும், தலைமையாசிரியர் வெறும் நிர்வாகி, பணிமூப்பில் வருகிறவருக்கு அனுபவமே பயிற்சி, காமராஜர் காலத்தில் யார் பயிற்சிக்குப் போனார்கள், மத்தியப் பிரதேசத்தில் செய்து பார்த்தே தோற்றுவிட்டார்கள், ஆகவே அந்தப் பணத்துக்குக் கேமராவும் பயோமெட்ரிக்கும் வாங்குங்கள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் சாரம் இவ்வளவுதான். மேற்கோள் காட்டும் தோரணை இருக்கிறதே தவிர, காட்டியதைப் படித்த அடையாளம் இல்லை.

மத்தியப் பிரதேசத்திலிருந்தே தொடங்கலாம். அவருடைய பிரம்மாஸ்திரம் அதுதான். கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்த அந்தத் திட்டம் 1,774 பள்ளிகளில் நடந்தது. பள்ளிகளை மதிப்பிட்டார்கள், தரம் பிரித்தார்கள், ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்தார்கள். மதிப்பீடு ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக முடிந்தது. பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகளின் கற்றலிலோ ஒரு மாற்றமும் இல்லை. அதைவிட வேடிக்கை, திட்டம் வெற்றி என்றே நம்பி நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளுக்கு விரித்தார்கள். சரி, இதில் ஒரு தலைமையாசிரியருக்கு வகுப்பறையைப் பார்க்கவும், பார்த்ததை ஆசிரியரிடம் பேசவும் கற்றுக்கொடுத்து, அது பலிக்கவில்லை என்று நிரூபித்த இடம் எது? அங்கே தோற்றது படிவம். மேலிருந்து கேட்டார்கள், கீழிருந்து நிரப்பிக் கொடுத்தார்கள், அலமாரியில் வைத்தார்கள். கட்டுரையாளர் தம் பணிக்காலம் முழுக்கப் பள்ளிகளுக்கு அனுப்பிவைத்ததும் இதே சரக்குதான். தம் கைச்சரக்கு விலைபோகவில்லை என்பதற்கான சான்றைத் தூக்கிக்கொண்டுவந்து பயிற்சியின் மேல் போடுகிறார்.

அவர் தொடாத ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஹார்வர்டு பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் நடத்தியது. அங்கே பள்ளி முதல்வர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 300 மணிநேரப் பயிற்சி: பாடத் திட்டமிடல், தேர்வுத் தரவை வைத்துக் கற்பித்தலை மாற்றுவது, வகுப்பை உற்றுநோக்கி ஆசிரியருக்கு வழிகாட்டுவது. குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து ஒப்பிட்டார்கள். முதல் ஆண்டிலேயே எல்லாப் பாடங்களிலும் பிள்ளைகளின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் நிற்கவில்லை. மறைக்கவேண்டிய செய்தியல்ல இது; நம் ஊருக்கு முக்கியமான பாகமே இதுதான். பயிற்சி பெற்ற முதல்வர்கள் இடம் மாறிப் போனதும், பயிற்சி ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டது என்பதும்தான் காரணம் என்கிறார் ஃபிரையர். ஆளைத் தயார்செய்தால் மட்டும் போதாது, அங்கேயே இருக்கவும் விடவேண்டும். ஆண்டுதோறும் மாறுதல் கலந்தாய்வும், ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு இருக்கும்போது பதவி உயர்வும் நடக்கிற மாநிலத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தால் பிரயோசனப்பட்டிருக்கும்.

நல்ல ஆசிரியர் போதும் என்கிறார். பள்ளிக்குள் இருக்கும் காரணிகளில் பிள்ளையின் படிப்பை அதிகம் பாதிப்பது ஆசிரியர்தான், மறுப்பவர் யாருமில்லை. அதற்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்கு என்று கென்னத் லீத்வுட் குழு 2004இலேயே எழுதியது. 2021இல் கிரிசம், எகலைட், லிண்ட்சே மூவரும் இருபது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமாரான முதல்வர் இருந்த இடத்தில் திறமையான முதல்வர் வந்தால் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதப் படிப்பு கூடுதலாகக் கிடைக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு ஆசிரியர் மாறினால் ஒரு வகுப்புக்கு ஆதாயம். தலைவர் மாறினால் பள்ளி முழுமைக்கும்.

அமெரிக்கக் கணக்கு நமக்கெதற்கு என்பாரானால், ஜூன் மாதம் எந்த உயர்நிலைப் பள்ளியிலாவது கால அட்டவணை போடும்போது போய்ப் பார்க்கட்டும். இருப்பதிலேயே நல்ல கணக்கு ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்குப் போடுவார்கள். ரிசல்ட் வேண்டுமே. ஆறாம் வகுப்பு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளோடு, யாரிடமாவது போகும். சில இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்த தற்காலிக ஆசிரியரிடம். நான்கு ஆண்டு கழித்து அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் மாலைச் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, மெல்லக் கற்போருக்குக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு. அந்த அட்டவணை முடிவை எடுப்பவர் ஆசிரியரல்ல, தலைமையாசிரியர். நல்ல ஆசிரியர் எந்த வகுப்பில் நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பவரைப் பற்றி அக்கறை வேண்டாம், நல்ல ஆசிரியர் மட்டும் போதும் என்பது என்ன தர்க்கமோ. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படையைச் சரிசெய்ய 'திறன்' இயக்கம் என்று 2025இல் அரசே தனியாகத் தொடங்கவேண்டி வந்ததற்கு இந்த அட்டவணைகளுக்கும் பங்கு உண்டு.

வகுப்பறையைப் பார்ப்பது என்றேனே, அது கதவோரம் நின்று தலையாட்டிவிட்டுப் போவதல்ல. ஏழாம் வகுப்பில் பின்னக் கழித்தல் நடக்கிறது. நான்கில் மூன்றிலிருந்து மூன்றில் இரண்டைக் கழிக்கவேண்டும். "மீ.பொ.ம. என்ன?" என்று டீச்சர் கேட்கிறார். முன் பெஞ்சு மூன்று பேர் "பன்னிரண்டு!" என்று கத்துகிறார்கள். கரும்பலகையில் கணக்கு முடிகிறது, எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த கணக்கைத் தாமே போடச் சொன்னதும் கடைசி வரிசையில் ஒருவன் மேல் எண்ணிலிருந்து மேல் எண்ணையும், கீழ் எண்ணிலிருந்து கீழ் எண்ணையும் கழித்து, விடை ஒன்று என்று எழுதி மூடிவைக்கிறான். கழித்த பிறகு எண் பெரிதாகிவிட்டதே என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவனைக் கேட்க யாரும் இல்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தலைமையாசிரியர் இதைக் கண்டுபிடிக்கவேண்டும். அவர் தமிழ் படித்து வந்தவராக இருக்கலாம். கணக்கு தெரியாமல் போகலாம். ஆனாலும் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும். அதைவிடக் கடினம் அதற்குப் பிறகு பேசுவது. "நல்லா எடுத்தீங்க டீச்சர்" என்றால் ஒன்றும் நடக்காது. "பாதிப் பேருக்குப் புரியலையே" என்றால் அந்த டீச்சர் அடுத்த முறை அவரைக் கண்டாலே முகத்தை இறுக்கிக்கொள்வார். "நாளைக்குக் கடைசி வரிசையிலிருந்து நாலு நோட்டு எடுத்துட்டு வாங்க டீச்சர், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லத் தெரிவது ஒரு வித்தை. ஆசிரியர்கள் கற்கும்போது தலைவரும் கூட உட்கார்ந்து கற்கிற பள்ளிகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன் என்று நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழு 2008இல் காட்டியது இந்த வித்தையைத்தான். இது பணிமூப்புப் பட்டியலில் பெயர் ஏறும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

அனுபவமே பயிற்சி என்ற வாதத்துக்கு வேறு பதில் தேவையில்லை. முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவருக்கு இயற்பியல் நடத்திய அனுபவம் இருக்கிறது. தலைமையாசிரியர் நாற்காலியில் அவர் அனுபவம் பூஜ்யம். சிங்கப்பூரில் முதல்வராகப் போகிறவரை அதற்கு முன்பே ஆறு மாதம் தேசியக் கல்விக் கழகத்தில் முழுநேரமாக உட்காரவைக்கிறார்கள். இங்கே பதவி உயர்வு ஆணையை வாங்கிக்கொண்டு போய் சாவிக்கொத்தை வாங்கவேண்டியதுதான். ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்குகளில் பதவி உயர்வு சிக்கிக்கொண்டதால் பல பள்ளிகளில் அதுவும் இல்லை. ஒரு மூத்த ஆசிரியர் 'பொறுப்பு' என்ற அடைமொழியோடு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

காமராஜரை இழுப்பது நம் ஊரில் எந்த விவாதத்தையும் முடிக்கும் வழி. அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் தனியாள் அல்ல. துணை ஆய்வாளர் பள்ளிக்கு வந்தால் வகுப்பில் உட்காருவார், பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வார், மனக்கணக்குக் கேட்பார், பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார். பயமும் இருந்தது, கற்றலும் இருந்தது. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து 1950களின் இறுதியில் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரே பள்ளிக்குப் பின்னால் நின்றது. அந்த இரண்டு தூண்களையும் எடுத்துவிட்டு, அப்போது பயிற்சியா இருந்தது என்று கேட்பது வசதியான மறதி.

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையில்லை. இன்று பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி தண்டம். மண்டபத்தில் நூறு பேர், ஓடும் பவர்பாயிண்ட், நடுவில் டீயும் பிஸ்கட்டும், வாழ்க்கையில் வென்றவர்கள் பற்றி இரண்டு கதை, கடைசியில் குரூப் போட்டோ, சான்றிதழ். உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் மேசைக்கடியில் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு போட்டுக்கொண்டிருப்பார்கள். தேசியக் கல்விக் கொள்கை தலைமையாசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணிநேரம் என்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு உள்ள வழக்கு தனி. ஆனால் அந்த 50 மணிநேரமும் செல்போனில் வீடியோவை ஓடவிட்டுச் சோறு வடிக்கிற கதையானால் 500 மணிநேரம் கொடுத்தும் பயனில்லை. இதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்பவர், போலி மருந்து வேலை செய்யவில்லை என்று வைத்தியத்தையே தடைசெய்யச் சொல்கிறார்.

கடைசியாக அவருடைய கேமரா. ஆசிரியர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று அது சொல்லும். நேரம் தவறினால் ஒழுங்கு நடவடிக்கை விதி 17ஏ, தொடர்ந்தால் 17பி. சம்பளம் வாங்குகிறவர் நேரத்துக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்த ஏழாம் வகுப்பில் கேமராவை மாட்டினால் என்ன தெரியும்? ஆசிரியர் வந்திருக்கிறார், பாடம் நடக்கிறது, பிள்ளைகள் உற்சாகமாகப் "பன்னிரண்டு" என்கிறார்கள். அதிகாரி திருப்தியாகத் திரையை மூடிவிடலாம்.

செலவைப் பற்றித்தானே அவர் கவலைப்படுகிறார், கணக்குப் போடட்டும். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் காலியிடம் விடாமல் ஓர் இளநிலை உதவியாளர். எமிஸும் பஸ் பாஸும் சைக்கிள் கணக்கும் உதவித்தொகை வங்கிக் கணக்கும் அவர் மேசைக்கு. தலைமையாசிரியருக்குத் தினமும் ஒரு பாடவேளை வகுப்பில் உட்கார, அந்த நேரத்தில் 'மிக அவசரம்' என்று எந்த அலுவலகமும் அழைக்காமல் இருக்க ஒரு சுற்றறிக்கை. அதற்குச் செலவு ஒரு தாள். பதவியேற்கும் முன் சில மாதமாவது, இதைச் செய்து காட்டியிருக்கிற ஒரு தலைமையாசிரியரின் பள்ளியில் அவர் கூடவே இருந்து பழகுவது. பதவியேற்றபின் குறைந்தது மூன்று ஆண்டு அதே பள்ளி. இவற்றின் தொகையையும் கேமரா டெண்டரின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வெட்டிச் செலவு என்று அவரே அடுத்த கட்டுரையில் எழுதலாம்.