துலுக்கன், காப்பிரி, வந்தேறி

காரைக்காலில் மத நல்லிணக்க மேடை ஒன்று போடப்பட்டால் அதில் யார் யார் உட்காருவார்கள் என்பது சுவரொட்டி ஒட்டுவதற்கு முன்பே ஊருக்குத் தெரியும். ஒரு குருக்கள், ஒரு பங்குத்தந்தை, ஓர் இமாம், நடுவில் ஓர் அரசியல்வாதி. அம்மையாரின் மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிபு கந்தூரி, மாதா கோயில் தேர்பவனி என்று வரிசையாகச் சொல்லி, பொன்னாடை போர்த்திக் கலைவார்கள். கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. மத ஊர்வலம் போன தெருவுக்குப் பின்னாலேயே புல்டோசர் வருகிற காலத்தில், ஒரே ஊரில் இந்த மூன்று விழாக்களும் நடப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த மேடையில் பேசப்படாத ஒன்று உண்டு. மேடை கலைந்தபின் டீக்கடையில் எந்தச் சொல்லால் ஒருவரை ஒருவர் குறிப்பிடுகிறோம் என்பது அது.

'துலுக்கன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். துருக்கர் என்ற இனப்பெயரின் திரிபு. காரைக்கால், நாகூர் மரைக்காயர்களுக்கும் துருக்கிக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கடலில் கப்பல் ஓட்டியவர்கள், தமிழில் பேசித் தமிழில் பாட்டுக் கட்டியவர்கள். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டிக் கொடுத்தவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இருந்தும் ஓர் இனப்பெயர் இங்கே மதத்தின் பெயராகி, அப்புறம் வசைச்சொல்லாகிவிட்டது. 'காப்பிரி' என்ற சொல் எதிர்த்திசையில் பயணம் செய்தது. அரபியில் காஃபிர் என்றால் நம்பிக்கை இல்லாதவர், அது மதச்சொல். போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களைக் குறிக்கும் இனச்சொல்லாகி, கப்பலேறி நம் கரைக்கு வந்தது. இலங்கையில் புத்தளம் பக்கம் ஆப்பிரிக்க வழிவந்த ஒரு சிறு சமூகத்துக்கு இன்றும் அதுதான் பெயர். தென்னாப்பிரிக்காவில் 2018இல், இதே சொல்லைக் கறுப்பினக் காவலர் மீது திரும்பத் திரும்ப வீசியதற்காக ஒருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மதச்சொல் இனச்சொல்லாவதும் இனச்சொல் மதச்சொல்லாவதும் தற்செயல் அல்ல. 'நீ எதை நம்புகிறாய்' என்ற கேள்வியை 'நீ யாருக்குப் பிறந்தாய்' என்ற கேள்வியாக மாற்றுவதுதான் அந்தச் சொற்களின் வேலை. அந்த வேலையை நமக்குக் கற்றுக்கொடுத்தது சாதி.

இதற்கு நம் ஊர்ப் பெயர் அடிபடும் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைப்பற்றியது 1739இல். அந்தக் காலப் புதுச்சேரியை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அதில் 1745 அக்டோபரில் ஒரு சம்பவம். புதுச்சேரி தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறித்தவர்கள், கலப்பினத்தவர்கள், ஐரோப்பியர்கள். இந்த இருக்கை ஏற்பாட்டை நிதானமாகப் பாருங்கள். ஆளும் இனமான வெள்ளையருக்கும் ஆளப்பட்ட தமிழருக்கும் நடுவில் அங்கே சுவர் இல்லை. தமிழருக்கும் தமிழருக்கும் நடுவில் இருந்தது. அந்தச் சுவரைக் கேள்வி கேட்கும்படி ஒடுக்கப்பட்டவர்களைத் தூண்டியவர் காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் என்கிறது நாட்குறிப்பு. எங்களையும் கிறித்தவராக்கினீர்கள், பிறகு ஏன் தனியே நிறுத்துகிறீர்கள் என்று அவர்கள் பெரிய பாதிரியாரிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொந்தளித்தார்கள்.

இதோடு நிறுத்தினால் நமக்கு வசதியான கதை. நிறுத்தக் கூடாது. அதே நாட்குறிப்பில், மூன்றே ஆண்டுகள் கழித்து, 1748 செப்டம்பரில், துய்ப்ளேக்சின் ஆட்சியில் ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே, தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் தரைமட்டமாக்கப்படுகிறது. லிங்கத்தைக் காலால் உதைத்துச் சுத்தியலால் உடைத்தவர் என்று பிள்ளை பெயர் சொல்லி எழுதுவது காரைக்கால் பாதிரியார் கேர்தூவை. உடைக்கிற வேலைக்கு ஏவப்பட்டவர்களில் ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள்.

உள்ளே சாதிச் சுவரை இடித்ததும் அதே சபை, வெளியே பக்கத்துக் கோயிலை இடித்ததும் அதே சபை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு வேண்டும். சங்கிகள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள். நம்மில் சிலர் முதலாவதை மட்டும் சொல்வோம். 1748 அநீதிதான். அதைச் செய்தவர்கள் யார், எந்த அதிகாரத்தின் துணையோடு செய்தார்கள் என்று எவ்வளவு உரக்கவும் பேசலாம். ஆனால் அந்தக் கணக்கை இன்றைக்குக் காரைக்கால் மீனவத் தெருவில் ஜெபமாலை உருட்டும் ஒரு பாட்டியிடம் நீட்டும்போது வரலாறு முடிந்து சாதி தொடங்கிவிடுகிறது. செய்த செயலுக்கு அல்லாமல் பிறந்த பிறப்புக்குக் குற்றம் சுமத்துவதற்கு நம் நாட்டில் வேறு பெயர் கிடையாது.

கேர்தூவை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவிருக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் அவைக்கு 1767இல் எழுதியவர் இவர். வில்லியம் ஜோன்ஸ் பேசுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்பே. மொழிகளைப் பற்றிய அந்தக் கண்டுபிடிப்பை அடுத்த நூற்றாண்டின் ஐரோப்பா ரத்தத்தைப் பற்றிய கதையாக மாற்றியது. ஆரிய இனம் பிறந்தது. அது ஜெர்மனியில் என்ன செய்தது என்பது தெரிந்ததே. நம்மிடமும் அது புழங்குகிறது, இரண்டு முகாமிலும்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் கொஞ்ச நாள் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். வந்திருந்த ஓர் இஸ்லாமிய மாணவரிடம் ஒரு தோழர் அன்பாகத்தான் கேட்டார்: "உங்க குடும்பம் எந்தச் சாதியிலேர்ந்து மாறுனது?" வேறு யாரிடமும் அவர் பூர்வீகம் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து இன்னொரு தோழர், பார்ப்பனியம் அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, வந்தேறிக் கூட்டம்தானே என்றார். கைதட்டல் வந்தது. அந்த மாணவர் கைதட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை; 'வந்தேறி' என்ற சொல் நாளைக்கு யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அம்பேத்கர் இதில் நமக்கு இடமே விடவில்லை. பஞ்சாபின் பார்ப்பனரும் சென்னையின் பார்ப்பனரும் ஒரே இனமல்ல, பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனம் என்று 1936இல் சாதி ஒழிப்பு நூலில் வாதிட்டார். சூத்திரர்கள் யார் என்ற 1946ஆம் ஆண்டு நூலில் ஆரியப் படையெடுப்புக் கொள்கையையே நிராகரித்தார். சாதி இனப்பிரிவு அல்ல. ஒரே இனத்து மக்களைப் பிறப்பால் கூறுபோடும் ஏற்பாடு. பெரியாரோடு இதில் உரசல் வருமே என்று கேட்பீர்கள். வரட்டும், விவாதிப்போம். ஆனால் பெரியார் கேட்டது மனுதர்மத்தையும் கருவறைச் சாவியையும்தான். யாருடைய மண்டை ஓட்டையும் அவர் அளந்து பார்க்கவில்லை. (இதே 'சாதி இனமல்ல' என்ற வாதத்தை வைத்துக்கொண்டு 2001இல் டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் தடுத்தது இந்திய அரசு. இனமல்ல என்பதால் இழிவு இல்லை என்றாகிவிடுமா? வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் சொல்ல வேண்டியிருந்தது.)

ஆகவே மரியாதை என்று நான் சொல்வது மென்மையாகப் பேசுவதை அல்ல. வேதத்தை, குரானை, பைபிளை, ஆதீனத்தை, ஜமாத்தை, ஆயர் இல்லத்தைக் கடுமையாகவே விமர்சிக்கலாம். விழுப்புரம் மாவட்டம் எறையூரில் 2008இல் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது அவர்களைத் தாக்கியவர்களும் அதே பலிபீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள்தான். அதைச் சொன்னால் சிறுபான்மையினர் மனம் புண்படும் என்று வாயை மூடிக்கொள்வது மரியாதை ஆகாது. அடிபட்டவரும் அதே சிறுபான்மையினர்தானே. ஒருவர் தேர்ந்தெடுத்ததைக் கேள்வி கேட்கலாம், அவர் கையில் இருக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்கலாம். உடம்பு, நிறம், பூர்வீகம், தாய் தகப்பன், இவை விவாதப் பொருள் அல்ல.

இன்னொரு வகை அவமதிப்பு உண்டு. அது வசைச்சொல் எதையும் பயன்படுத்தாது. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாமுக்குப் போனபோது நாடு முழுக்கக் கேட்ட கேள்வி, வளைகுடாப் பணம் எவ்வளவு வந்தது என்பது. 2016இல் இங்கிருந்து தெற்கே, வேதாரண்யம் பக்கம் பழங்கள்ளிமேட்டில், ஆடித் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி கேட்டார்கள் தலித் மக்கள். ஒரே ஒரு நாள். மறுக்கப்பட்டபோது மதம் மாறுவோம் என்றார்கள். உடனே, இவர்களைத் தூண்டுவது யார் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. 1745இலும் இதே கதைதான்: தூண்டியது காரைக்கால் பாதிரி! சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வைக்கப்பட்டவருக்குத் தானாக வலித்திருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தன் கடவுளைப் பற்றித் தானே பேசத் தெரியாதவர் என்று ஒருவரை நினைப்பதைவிடப் பெரிய அவமரியாதை எது?

அரசும் இதையே சட்டமாகச் செய்கிறது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்னும் வெளியே. 2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்புச் சட்ட நாளாகப் பார்த்து, நமது புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தன்னை இந்து என்றார். ஞானஸ்நானம் பெற்றவர், தேவாலயம் போகிறவர், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்கிறார் என்று நீதிமன்றம் சொல்லி, பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. அது அரசமைப்பின் மீதான மோசடி என்றும் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று பார்த்து ஒருவரின் சாதி இழிவு நீங்கிவிட்டதா என்று முடிவு செய்ய முடியுமானால், எறையூரில் அந்த ஏற்பாடு ஏன் வேலை செய்யவில்லை?

மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஓர் ஆணையம் அமைத்தது ஒன்றிய அரசு. இரண்டு ஆண்டுகளில் அறிக்கை தர வேண்டிய அந்த ஆணையத்தின் கெடு நீட்டிக்கப்பட்டது. நம் ஊர் நல்லிணக்க மேடைகளில் இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அடுத்த மேடைக்குத் தோழர்கள் சிலர் போகலாம் என்றிருக்கிறோம். மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டுமா, வேண்டாமா என்று மூன்று பேரிடமும், அவர்களுக்கு உரிய வணக்கத்தோடு கேட்பதாக உத்தேசம்.