முதலில் அளக்கட்டும், பிறகு மாற்றட்டும்!

180 டிகிரியில் நாற்பது நிமிடம் என்கிறது சமையல் குறிப்பு. திறந்து பார்த்தால் கேக்கின் மேல்பக்கம் கருகல், நடுவில் கூழ். முதல் தடவை பழி மாவின் மேல் விழும். இரண்டாம் தடவை முட்டையின் மேல். மூன்றாம் தடவைதான் ஓவன் மேல் சந்தேகம் வரும். மெக்கானிக் வருவார், இரண்டு பட்டனை அழுத்திப் பார்ப்பார், "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்பார். செலவு பல ஆயிரம்!

போர்டு நிஜமாகவே போயிருக்கலாம். ஆனால் எதையுமே அளக்காமல் அதை எப்படிச் சொல்ல முடியும்?

குமிழைத் திருகும் சாதாரண ஓடிஜி அடுப்புகளில் பெரும்பாலும் இயந்திரத் தெர்மோஸ்டாட்தான் இருக்கும். அது வேறு கதை. இங்கே பேச்சு டிஜிட்டல் ஓவன்களைப் பற்றி. கதவைத் திறந்தால் உள்ளே சுவரில் பென்சிலை விட மெலிதாக ஓர் உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வெப்பநிலை சென்சர். பல மாடல்களில் அதற்குள் இருப்பது பிளாட்டினம். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். பிடி 1000 எனப்படும் வகையில் 0 டிகிரி செல்சியஸில் 1000 ஓம், 100 டிகிரியில் 1385 ஓம், 200 டிகிரியில் சுமார் 1759 ஓம். போர்டுக்குச் சூடும் தெரியாது, கேக்கும் தெரியாது. இந்த ஓம் கணக்கை மட்டும் படித்து ஹீட்டரைப் போடும், அணைக்கும்.

ஆக, சென்சர் பொய் சொன்னால் போர்டு அதை அப்படியே நம்பும். மின்தடை குறைவாகக் காட்டினால் "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துக் கருக வைக்கும். அதிகமாகக் காட்டினால் சீக்கிரமே அணைத்துவிட்டு வேகாமல் விடும். சென்சரே நன்றாக இருந்து, அதன் கனெக்டர் துருப்பிடித்து 40 ஓம் கூடினாலும் போதும், கணக்கு சுமார் 10 டிகிரி தப்பும். இதற்கு ஒரு போர்டையே மாற்றுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

கண்டுபிடிப்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. முதலில் ஓவனுக்குள் நடுத்தட்டில் ஒரு ஓவன் தெர்மாமீட்டர். ஹீட்டர் அணைந்து அணைந்து எரிவதால் சூடு கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. நாலைந்து சுற்றின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். வித்தியாசம் சிறிதாக, எப்போதும் ஒரே அளவாக இருந்தால், பல மாடல்களில் செட்டிங்கிலேயே திருத்திக்கொள்ள வழி உண்டு. செலவே இல்லை.

பெரிய வித்தியாசம் என்றால் மின் இணைப்பை முழுவதும் துண்டித்து, ஆறவிட்டு, சென்சர் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டர் வைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க் கருவி அது. 30 டிகிரி அறையில் பிடி 1000 சுமார் 1117 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். கம்பிக்கும் வெளி உலோகக் கூட்டுக்கும் இடையே தொடர்பு காட்டினால் காப்பு போய்விட்டது. இன்னும் சந்தேகமா? கழற்றிய குச்சியின் நுனியை ஐஸ் தண்ணீரில் ஒருமுறை, கொதிக்கும் தண்ணீரில் ஒருமுறை வைத்து அளந்தால் 1000, 1385 என்ற இரண்டு எண்களும் சாட்சி சொல்லும். அடுத்து வயரும் கனெக்டரும். இத்தனையும் சரியாக இருந்த பிறகுதான் போர்டு குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: எல்லா ஓவனிலும் இதே சென்சர் இல்லை. சிலவற்றில் 0 டிகிரியில் 500 ஓம் காட்டும் வகை. சிலவற்றில் சூடு ஏறினால் தடை இறங்கும் தெர்மிஸ்டர். அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேட்டு எண்தான் அளவுகோல். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் பலர் அளப்பதில்லை? விடை எலெக்ட்ரானிக்ஸில் இல்லை, பொருளாதாரத்தில் இருக்கிறது. டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். பழுதுபார்ப்பு மாதிரியான சேவைகளில், வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. போர்டை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டியதிலேயே கோளாறு சரியாகியிருக்கலாம். பெயர் போர்டுக்குப் போகும், பில் வாடிக்கையாளருக்குப் போகும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. அரை மணி நேரம் அளந்து, "கனெக்டர்தான், சுத்தம் பண்ணிட்டேன்" என்று சொல்பவருக்கு முந்நூறு ரூபாய் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? "ஒண்ணுமே மாத்தலையே!" என்று பேரம் பேசுவார்கள். அதே ஆட்கள் புதுப் போர்டுக்குப் பல ஆயிரத்தை முணுமுணுக்காமல் கொடுப்பார்கள். அறிவுக்குக் கூலி இல்லை, பொருளுக்குத்தான் கூலி என்றால், பொருளைத்தானே விற்பார்கள்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் கையேடும் உதிரிப்பாகமும் கிடைத்தால் மட்டும் போதாது. அளப்பதற்குத் தனிக் கட்டணம் என்பதை வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். அளந்த எண்ணைப் பில்லில் எழுதித் தருவதை மெக்கானிக் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேக் விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு ஓவன் ஆடம்பரப் பொருள் அல்ல, மூலதனம். தேவையில்லாத ஒரு போர்டு அவர்களுடைய ஒரு மாத லாபத்தை விழுங்கிவிடும். அடுத்த தடவை "போர்டு போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: "சென்சர் எத்தனை ஓம் காட்டிச்சு?"

பதிலாக ஓர் எண் வந்தால் நம்பலாம். முறைப்பு வந்தால் வேறு மெக்கானிக்கைத் தேடலாம்!